ஏ, பி, சி எழுத்துகளை மட்டும் வைத்துப் பாடசாலையைத் தீர்மானிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தவணைப் பரீட்சை முடிந்து தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வந்ததும், பிள்ளையை அரச பாடசாலையிலேயே வைத்திருப்பதா, சர்வதேசப் பாடசாலைக்கு மாற்றுவதா என்ற பேச்சு திருகோணமலையில் பல வீடுகளில் தொடங்கிவிடுகிறது. அரச பாடசாலையில் நம் பிள்ளைக்கு சி, சர்வதேசப் பாடசாலையில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏ. அதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அந்த இரண்டு எழுத்தும் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல.

நமது சாதாரண தர அளவில் 75 இலிருந்து ஏ, 65 இலிருந்து பி, 50 இலிருந்து சி, 35 இலிருந்து எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் கேம்பிரிட்ஜ், எடெக்செல் என்ற பிரித்தானியப் பரீட்சைகளில் எல்லைப் புள்ளி நிலையாக இருப்பதில்லை. வினாத்தாள் எவ்வளவு கடினமாக அமைந்தது என்று பார்த்த பிறகே ஒவ்வொரு முறையும் அதைத் தீர்மானிக்கிறார்கள். எடெக்செலின் 9 முதல் 1 வரையான அளவில் 9 தான் உச்சம். 4 என்பது அவர்களின் பழைய எழுத்து முறையில் சி தொடங்கிய இடம். அறிக்கையில் 4 ஐக் கண்டதும் திட்டு வாங்கும் பிள்ளையை நினைத்தால் மனம் வருந்துகிறது.

வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற கணக்கு இன்னும் சிக்கலானது. எல்லாப் பாடப் புள்ளிகளையும் கூட்டித்தான் அதைப் போடுகிறார்கள். தமிழில் வகுப்பு முழுவதும் 60 க்கும் 80 க்கும் இடையில் நிற்க, கணிதத்தில் 10 முதல் 95 வரை பரந்திருந்தால், நிலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கணிதம் மட்டுமே. தமிழில் எடுத்த கூடுதல் பத்துப் புள்ளி அதில் கரைந்துபோகும். உயர்தரத்தில் இசட் புள்ளி வந்ததன் காரணமும் இதுதான். பாடத்தின் சராசரியிலிருந்து பிள்ளை எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்பதே இசட் புள்ளி; புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவே நியம விலகல். உதாரணத்துக்கு, சராசரி 38, நியம விலகல் 18 உள்ள பாடத்தில் 74 எடுத்தால் இசட் புள்ளி 2. சராசரி 62, நியம விலகல் 12 உள்ள பாடத்தில் அதே 74 க்கு 1 தான்.

தவணை முழுவதும் கொடுக்கும் ஒப்படைகளை வைத்துப் புள்ளியிடும் தொடர் கணிப்பீட்டில் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, ஒப்படைக்காத வேலைக்கு என்ன புள்ளி என்பதை. நான்கு ஒப்படைகளில் தலா 80 எடுத்த பிள்ளைக்கு ஐந்தாவதில் பூச்சியம் போட்டால் சராசரி 64. ஒரு புள்ளியால் பி கைநழுவி சி ஆகிறது. அந்த சி பிள்ளையின் அறிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாரி மழையில் வெருகல், மூதூர்ப் பக்கம் பாதை மூடும் வாரங்களில் இது நடக்கக்கூடியதே. 'ஒப்படைக்கவில்லை' என்று தனியாகக் குறித்து, பாதை திறந்தபின் இரண்டு வார அவகாசம் கொடுத்துவிட்டுச் சராசரி போடுவதே நியாயம்.

புள்ளிக்குப் பதிலாக நான்கு மட்டங்களில் கணிக்கும் முறை நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு மட்டத்திலும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். 'பின்னங்களைக் கூட்டுவார், வெவ்வேறு பகுதியெண் வந்தால் தடுமாறுவார்' என்று இருந்தால் வீட்டில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியும். அந்த விவரிப்பு இல்லாத இடத்தில் ஆசிரியர் 75 ஐ மட்டம் 4 ஆகவும் 65 ஐ மட்டம் 3 ஆகவும் மாற்றிவிடுவார்; பெயர் மட்டுமே புதிதாக இருக்கும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு விவரிப்பை ஆசிரியர் தனியே எழுத முடியாது. வலயக் கல்வி அலுவலகம் பாடவாரியாகத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். 2025 இல் அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தமும் மொடியூல் (பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரிப்பது), தொடர் கணிப்பீடு என்றுதான் போகிறது. ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது.

பாடசாலை மாற்றுவதானால் தரம் 10 தொடங்குமுன் முடிவெடுங்கள். அதன்பின் சர்வதேசப் பாடசாலையிலிருந்து திரும்பும் பிள்ளை சமயம், தமிழ், வரலாறு மூன்றிலும் இரண்டு வருடப் பாடத்தைத் துரத்த வேண்டிவரும். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகத் துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. திருகோணமலை அந்த 16 இல் ஒன்று. இந்த ஒதுக்கீட்டுக்குள் வர, உள்நாட்டு உயர்தரத்தின் இசட் புள்ளி வேண்டும்; வெளிநாட்டுப் பரீட்சை முடிவு போதாது.

எமது மாவட்ட அதிபர்களிடம் ஒரு கோரிக்கை. அரசோ தனியாரோ, தேர்ச்சி அறிக்கையில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே பிள்ளையின் புள்ளி, வகுப்பின் நடுப்புள்ளி (புள்ளி வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளையின் புள்ளி), எழுத்துப் பரீட்சைக்கும் ஒப்படைக்கும் எத்தனை வீதம் என்ற மூன்றையும் அச்சிடுங்கள். வகுப்பு நிலைக்கு இப்போது ஒதுக்கும் இடத்திலேயே அது அடங்கும். பெற்றோர்களே, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் கூட்ட அறிக்கையில் வராது.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.