மாப்ளே, 21 ஏன் என்று கேட்டாயே

அன்புள்ள மாப்ளே,

"பதினெட்டு வயசுல ஓட்டுப் போடலாம், பட்டாளத்துல சேரலாம், ஒரு பீர் மட்டும் குடிக்கக் கூடாதா? அமெரிக்காவுல ஏன் மாமா 21னு வச்சிருக்காங்க?" என்று போனில் கேட்டாய். அப்போது எதையோ சொல்லி மழுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

உன் கேள்வியை அவர்களே ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டார்கள். 1971-ல் ஓட்டு வயது 18 ஆனது. அதே நியாயத்தைச் சொல்லி அந்தக் காலத்தில் 29 மாநிலங்கள் குடிக்கும் வயதையும் குறைத்தன. இங்கே 21, பக்கத்து மாநிலத்தில் 18 என்றால் பசங்கள் என்ன செய்வார்கள்? காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போவார்கள். போவது சரி, குடித்துவிட்டு அதே ராத்திரி திரும்பி வர வேண்டுமே! 'ரத்த எல்லை' என்றே அதற்குப் பெயர் வந்தது. 1984-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், 21-க்கு மாறாத மாநிலத்தின் நெடுஞ்சாலை நிதியில் கை வைத்தது. 1988-க்குள் எல்லோரும் வழிக்கு வந்தார்கள்.

1980-ல் அங்கே பன்னிரண்டாம் வகுப்பில் 100-க்கு 72 பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்திருந்தார்கள். இப்போது 25-க்கும் கீழே. எல்லாம் சட்டத்தால்தான் என்று சொல்ல மாட்டேன், எத்தனையோ மாறியிருக்கிறது.

என்னோடு கல்லூரியில் படித்தவன் ஒருவன். விருந்து முடிந்து, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "ரெண்டே பெக்தாண்டா, ஸ்டெடியா இருக்கேன்" என்றான். உண்மையிலேயே தள்ளாடவில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. கால் தள்ளாடுவதற்கு ரொம்ப முன்னாலேயே நிதானம் போய்விடும்; 'என்னால் ஓட்ட முடியுமா' என்று எடைபோடும் புத்திதான் முதலில் மங்கும். காபி குடித்தாலும் முகம் கழுவினாலும் ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். சாவியைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. ரோட்டோரம் நடந்து போன ஒருவரை இடித்துவிட்டான். செத்தது அவர். அவருக்கும் அந்த விருந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உனக்கு 21 ஆக இன்னும் எட்டு மாதம். அப்புறம் குடிப்பதும் குடிக்காததும் உன் இஷ்டம். சாவி யார் கையில் இருக்கும் என்பதை மட்டும் முதல் மடக்குக்கு முன்னாலேயே முடிவு பண்ணிவிடு. மாட்டிக்கொண்டால் எந்நேரமானாலும் போன் பண்ணு, டாக்ஸிக்கு நான் பணம் அனுப்புகிறேன். உங்கம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

உன் மாமா