கீமோவுக்குப் பின் வரும் மறதி

ஐயா,

களியக்காவிளை, பாறசாலை பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் போய்க் கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) முடித்து வருபவர்கள் சிலர், அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிடுகிறார்கள். வயசுக் கோளாறு என்று வீட்டார் தள்ளிவிடக் கூடாது. முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 பார்க்க வேண்டும்; தூக்கம், மனச்சோர்வு எப்படி என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு, மறதிக்கு உதவக்கூடிய நடைப்பயிற்சி. தினம் 10 நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல வாரம் 150 நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் நடந்தால் அசதி மிஞ்சி, பாதியில் நின்றுவிடும். கால் மரத்துப்போனவர்கள் சமதளத்தில், செருப்போடு மட்டும்.

இந்த நடைப்பயிற்சியால் நினைவு மேம்படுகிறதா என்று முனைவர் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நினைவுச் சோதனைக்கான சொற்களை மலையாளத்தில் மட்டும் வாசித்தால், வீட்டில் தமிழ் பேசுபவரின் மதிப்பெண் வீணாகக் குறையும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே பட்டியலைக் கொடுத்தால், பழகிப்போய் மதிப்பெண் ஏறும். மாற்றுப் பட்டியலும், பயிற்சி செய்யாத ஒப்பீட்டுக் குழுவும் கட்டாயம் வேண்டும்.

– வாசகர்கள், களியக்காவிளை