திருத்தினால் ஒரு வரி சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

31 ஆண்டுகள் புரூஃப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். ஈய எழுத்தில் தொடங்கி ஆஃப்செட், டிடிபி என்ற கணினி அச்சுக்கோப்பு, மின்நூல் வரை வந்தாயிற்று. கணினியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு சொல் விட்டுப்போனதற்காகப் பத்தி முழுவதையும் பிரித்துக் கோத்த நாட்கள் திரும்ப வேண்டாம், சாமி!

போன மாதம் ஓர் இணைய இதழில் படித்த ஆண்டுக் கணக்கை நண்பரிடம் சொன்னேன். அவர் அங்கேயே கைபேசியில் அந்தக் கட்டுரையைத் திறந்தார். அதில் வேறு ஆண்டு இருந்தது. என் கண்தான் ஏமாற்றிவிட்டது என்று ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, பிரின்ட் எடுத்து வைத்திருந்த தாளைப் பார்த்தால் நான் சொன்ன ஆண்டுதான் இருக்கிறது. இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது சரிதான், பழைய ஆண்டு தப்பு. ஆனால் திருத்தினோம் என்று ஒரு வரி போடவில்லையே!

அச்சில் ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) ஓடி முடிந்தபின் தப்பு கண்ணில் பட்டால் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டுவோம். 1631இல் லண்டனில் அச்சான ஓர் ஆங்கில பைபிளில் ‘நாட்’ (not) என்ற ஒரு சொல் விழுந்துபோய், ‘விபசாரம் செய்யாதே’ என்பதற்குப் பதில் ‘விபசாரம் செய்’ என்றே கட்டளை வந்துவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம் விதித்து, பிரதிகளையும் அழித்தார்கள். அப்படியும் சில பிரதிகள் இன்றுவரை பிழைத்துக் கிடக்கின்றன.

மின்நூலுக்கு அந்த ஆயுள் கிடையாது. 2009இல் உரிமைச் சிக்கல் ஒன்றில், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்நூல் படிக்கும் கருவியிலிருந்தே ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல்லின் நூல்களை அமேசான் நீக்கியது. ஒரு மாணவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் அதோடு பயனற்றுப் போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அப்புறம் மன்னிப்பும் கேட்டார்கள். இருந்தாலும் நம் அலமாரிக்கு அவர்களிடமும் ஒரு சாவி இருப்பது தெரிந்துவிட்டது.

வேண்டும்போது அச்சிடும் முறை வந்தபின் காகிதப் புத்தகத்துக்கும் இந்த வியாதி தொற்றியிருக்கிறது. கோப்பை மாற்றி அடுத்த 50 பிரதி போடுகிறார்கள், உள்ளே அதே ‘முதற்பதிப்பு’!

விக்கிப்பீடியாவில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. அவ்வளவு விரிவாகக்கூட வேண்டாம். உங்கள் இணையப் பதிப்பில் கட்டுரைக்கு அடியில், இந்தத் தேதியில் இது மாற்றப்பட்டது என்று போட்டால் போதும். இந்தக் கடிதத்தில் கை வைத்தாலும் அப்படியே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்