விக்டோரியா லைன்: 100 விநாடிக்கு ஒரு வண்டி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. மகள் சிவில் இன்ஜினியரிங் முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்டாள் என்பதைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு என் ஆசியைச் சொல். இங்கே அனைவரும் நலம்.

கடைசிப் பத்தியில் நீ சீண்டியிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீளக் கடிதம். "மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாத ஒரு லைனை லண்டன்காரர்கள் ஏன் வேகமான லைன் என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். 80 என்பது சரிதான். உங்கள் சென்னை மெட்ரோவும் அதே 80தான். ஆனால் சுரங்க ரயிலில் உச்ச வேகத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை. நிற்பதில், காத்திருப்பதில், மாறி ஏறுவதில் எத்தனை விநாடி வீணாகிறது என்பதுதான் கணக்கு. லண்டன் சுரங்க ரயிலில் ஒரு தடமான இந்த விக்டோரியா லைனைக் கட்டியவர்கள் அந்த விநாடிகளைக் கஞ்சன் காசு எண்ணுவதுபோல எண்ணியிருக்கிறார்கள்.

முதலில் ஸ்டேஷன்களின் இடைவெளி. வால்தம்ஸ்டோ சென்ட்ரலில் இருந்து பிரிக்ஸ்டன் வரை 21 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். சராசரியாக 1.4 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். செவன் சிஸ்டர்ஸ் தாண்டினால் ஃபின்ஸ்பரி பார்க் வர 3 கிலோமீட்டருக்கு மேல். பிக்கடில்லி லைனில் லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் நடுவே சுமார் 260 மீட்டர்தான், வண்டி வேகம் எடுப்பதற்குள் பிரேக் போட்டாக வேண்டும். விக்டோரியா லைனை 1960களில் தோண்டியபோது, பழைய லைன்களோடு சந்திக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தம் வைத்தார்கள். வேறு ரயில் எதுவும் சந்திக்காத ஒரே ஸ்டேஷன் பிம்லிகோ. அதுவும் 1972இல் பின்னால் சேர்ந்தது.

சந்திப்பது மட்டும் போதாது, மாறுவதும் சுலபமாக இருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸில் இறங்கி எதிர்ப் பக்கம் பத்தடி நடந்தால் பேக்கர்லூ லைன் வண்டி. ஸ்டாக்வெல்லில் அதேபோல நார்தர்ன், ஃபின்ஸ்பரி பார்க்கில் பிக்கடில்லி. படி இல்லை, எஸ்கலேட்டர் இல்லை, வழி தேட வேண்டியதும் இல்லை. யூஸ்டனில் இதைச் சாத்தியமாக்க இரண்டு சுரங்கங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக இடம் மாற்றியிருக்கிறார்கள். வாரன் ஸ்ட்ரீட்டுக்கும் கிங்ஸ் கிராஸுக்கும் நடுவே மட்டும் வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகின்றன. பயணிக்கு இது தெரியவே தெரியாது, நாலைந்து நிமிட நடை மிச்சமானது மட்டும்தான் தெரியும்.

அடுத்தது மேடு. பல ஸ்டேஷன்கள் சுரங்கத்தின் மட்டத்தைவிடச் சற்று உயரத்தில், முதுகு வளைந்த பூனைபோல அமைந்தவை. உள்ளே வரும் வண்டி ஏற்றத்தில் தானே வேகம் குறைகிறது, கிளம்பும் வண்டியை இறக்கம் தள்ளிவிடுகிறது. 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்: உராய்வை ஒதுக்கிவிட்டால், அந்த இறக்கம் மட்டுமே வண்டிக்கு மணிக்கு 27, 28 கிலோமீட்டர் வேகம் தரும். மோட்டாருக்கும் பிரேக்குக்கும் வேலை குறைவு, மின்சாரமும் மிச்சம். இது 1900இல் திறந்த சென்ட்ரல் லைனிலேயே இருந்த பழைய யோசனைதான். சுரங்கம் தோண்டும்போதே செய்தால் கூடுதல் செலவு சொற்பம், பிறகு எத்தனை கோடி கொட்டினாலும் செய்ய முடியாது. மகளிடம் இதைச் சொல்லி வை.

1968 செப்டம்பர் 1இல் முதல் பகுதி திறந்தபோது உலகம் வியந்தது ஆட்டோமேட்டிக் ஓட்டத்தைப் பார்த்துத்தான். முன்னதாகச் சென்ட்ரல் லைனின் ஹைனால்ட் பக்கம் வைத்துச் சோதித்துவிட்டு, முழு லைனுக்கும் கொண்டுவந்தார்கள். ஓட்டுநர் கதவை மூடி இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்துவார், அடுத்த ஸ்டேஷன் வரை மீதி எல்லாம் வண்டியின் பொறுப்பு. அன்றைய முறையில் தண்டவாளத்தில் மின்துடிப்புகள் ஓடும். நிமிடத்துக்கு 420 துடிப்பு என்றால் தாராளமாகப் போகலாம், அதைவிடக் குறைந்த எண்ணிக்கை என்றால் மணிக்கு 25 மைலுக்குள் போக வேண்டும், துடிப்பே இல்லையென்றால் அவசர பிரேக். பிளாட்பாரத்தை நெருங்கும்போது வேகத்தை அதிர்வெண்ணாகவே சொல்லிவிடுவார்கள், மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு 100 ஹெர்ட்ஸ். 3,500 ஹெர்ட்ஸ் கேட்டால் அந்த இடத்தில் 35 மைலில் இருக்க வேண்டும் என்று பொருள். கணினி கைக்கு வராத காலத்தில் இவ்வளவு எளிமையாக யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

இதில் லாபம் வேகத்தைவிட ஒழுங்கில்தான். மனிதர் ஓட்டினால் ஒருவர் முன்னதாகவே பிரேக் பிடிப்பார், இன்னொருவர் கடைசியில் இழுத்துப் பிடிப்பார். வண்டிக்கு வண்டி 5 விநாடி மாறினாலும் பின்னால் வருவது திணறும். இப்போது ஓடும் 2009 ரக வண்டிகளில் சிக்னல் முறையும் புதிது. முன்னால் எவ்வளவு தூரம் காலி என்பது வண்டிக்குத் தெரிந்துவிடும், அதற்கேற்ப ஒரே சீராக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 8 பெட்டி, 133 மீட்டர் நீளம், மொத்தம் 47 வண்டிகள்.

2017 மே மாதத்தில் இருந்து நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 வண்டிகள், அதாவது 100 விநாடிக்கு ஒன்று. டைம்டேபிள் பார்க்கவே தேவையில்லை, ஒன்றை விட்டால் அடுத்ததன் காற்று முகத்தில் அடிக்கிறது. மக்களின் அன்புக்கு முதல் காரணம் இதுதான் என்பேன். நிம்மதியாக ஒரு வண்டியை விட்டுக்கொடுக்க முடிகிற லைன்.

இந்த 36 எங்கே முட்டும் என்று நினைக்கிறாய்? நடுவில் இல்லை, கடைசி ஸ்டேஷனில். இரண்டு முனைகளிலும் இரண்டிரண்டு பிளாட்பாரம்தான். வண்டிகள் மாற்றி மாற்றி வந்தால் ஒரு பிளாட்பாரத்துக்கு 200 விநாடிக்கு ஒரு வண்டி. அதில் உள்ளே வரும் நேரம், வெளியே போகும் நேரம், கிராஸ்ஓவரில் (வண்டி ஒரு தண்டவாளத்தில் இருந்து மறு தண்டவாளத்துக்கு மாறும் இடத்தில்) எதிர்வண்டிக்கு வழிவிடும் நேரம் எல்லாம் கழித்துப் பார், நிற்க மிஞ்சுவது சொற்பம். ஓட்டுநர் தன் கேபினை அணைத்து, 133 மீட்டர் நடந்து, மறுமுனைக் கேபினைத் திறக்கவே இரண்டு நிமிடம் ஆகிவிடும், அதுவும் கூட்டத்துக்குள் நீந்தி. அதனால் 'ஸ்டெப்பிங் பேக்' என்று ஒரு முறை. வண்டி வரும்போதே வேறொரு ஓட்டுநர் மறுமுனையில் தயாராக நிற்பார். வண்டி நின்றதும் அவர் ஏறிக்கொள்வார், வந்தவர் சாவகாசமாக நடந்து போய் அடுத்த வண்டிக்குத் தயாராவார். சில ஓட்டுநர்களைக் கூடுதலாக வைத்தால் பிளாட்பாரம் கட்டாமலே பிளாட்பாரம் கட்டிய பலன்.

வால்தம்ஸ்டோவில் அதுவும் போதவில்லை. அங்கே இருந்த பழைய கிராஸ்ஓவரை மெதுவாகத்தான் கடக்க முடியும். அதனால் ஒரு பகுதி வண்டிகள் செவன் சிஸ்டர்ஸோடு திரும்பிவிடும். 2015 ஆகஸ்டில் மூன்று வாரம் அந்தப் பகுதியை மூடி, சுரங்கத்துக்குள் பழைய தண்டவாளத்தையும் கான்கிரீட்டையும் உடைத்து எடுத்து, வேகமாகக் கடக்கக்கூடிய கிராஸ்ஓவர் போட்டார்கள். புது வண்டி, புது சிக்னல் எல்லாம் வந்து வருடங்கள் ஆகியும் 36ஐ எட்டத் தடையாக நின்றது சில பத்து மீட்டர் தண்டவாளம்தான்!

இன்னொரு வசதி, இந்த லைனில் கிளை கிடையாது. வேறு லைன் வண்டிகள் உள்ளே வருவதும் இல்லை. நார்தம்பர்லேண்ட் பார்க் டிப்போ தவிர முழுக்கப் பூமிக்கு அடியில் என்பதால் மழை, பனி, தண்டவாளத்தில் ஒட்டும் இலைச் சருகு எதுவும் அண்டாது.

கோளாறே இல்லை என்று எண்ணிவிடாதே. 2009 ரக வண்டிகள் வந்த புதிதில் கதவுகள் மானத்தை வாங்கின. கதவு விளிம்பு ரப்பருக்குள் உணரி வைத்திருந்தார்கள். பைப்பட்டை மாதிரி மெலிசான பொருள் சிக்கினாலும் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நல்லதுதான், ஆனால் உணர்வு அதிகமாகிப்போய், கிளம்பிய வண்டி பாதி சுரங்கத்துக்குள் நுழைந்த நிலையில் நின்றுவிடும். ஓட்டுநர் என்னவென்று பார்த்து முடிப்பதற்குள் பின்னால் இரண்டு வண்டி சுரங்கத்தில் மாட்டிக்கொள்ளும். 100 விநாடி இடைவெளியின் மறுபக்கம் அது. சரிசெய்ய நீண்ட நாள் பிடித்தது.

2014 ஜனவரி 23 விவகாரம் இன்னும் விசேஷம். விக்டோரியா ஸ்டேஷனில் விரிவாக்க வேலை. ஒரு வெற்றிடத்தை நிரப்ப ஊற்றிய, சீக்கிரம் இறுகும் கான்கிரீட் பக்கத்துச் சிக்னல் அறைக்குள் கசிந்து, தரையில் இருந்த கருவிகளைச் சுற்றிக் குளம்போலத் தேங்கிவிட்டது. வாரன் ஸ்ட்ரீட்டுக்குத் தெற்கே வண்டி கிடையாது. ஆட்கள் ஓடிப்போய்க் கடையில் சர்க்கரை மூட்டைகளை வாங்கிவந்து கொட்டினார்கள். சர்க்கரை கலந்தால் சிமென்ட் இறுகுவது தாமதமாகும், அள்ளி எடுக்க அவகாசம் கிடைக்கும். மறுநாள் காலை வண்டி ஓடியது. நம் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்து உறுதியாக நிற்க வெல்லத் தண்ணீர் ஊற்றியவர்கள். இவர்கள் சிமென்ட் உறுதியாகக் கூடாது என்று சர்க்கரை கொட்டினார்கள்.

தீராத குறை வெப்பம். சுரங்கத்தின் விட்டம் 3.8 மீட்டர் அளவில்தான், வண்டி துப்பாக்கிக் குழாயில் தோட்டாபோல ஓடுகிறது. சுற்றிலும் களிமண். 1900 வாக்கில் சுமார் 14 டிகிரியாக இருந்த அந்த மண் லண்டன் சுரங்க ரயில்களின் நூறு வருட பிரேக் சூட்டைக் குடித்து இப்போது இடத்துக்கு இடம் 19 முதல் 26 டிகிரி. இந்த வண்டிகளில் ஏசி வைக்கவும் வழியில்லை. கருவிக்கு இடம் இல்லை என்பது ஒன்று, பெட்டியில் இருந்து எடுத்த சூட்டை அதே சுரங்கத்தில்தானே கொட்ட வேண்டும் என்பது இன்னொன்று. பிரேக் சக்தியை மின்சாரமாகத் திருப்பி அனுப்புவது, பெரிய விசிறிகள் என்று சமாளிக்கிறார்கள். வண்டி கூடினால் சூடும் கூடும், இந்த முடிச்சு அவிழவில்லை. போதாக்குறைக்குக் காதைக் கிழிக்கும் இரைச்சல். என் கருத்து என்னவோ, ஆகஸ்ட் மாதத்து மாலையில் இந்த லைனை யாரும் காதலிப்பதில்லை.

காசைப் பார்த்துப் பார்த்துக் கட்டியதால் சுவரெல்லாம் சோபையில்லாத சாம்பல் நிறம். ஆனால் பெஞ்சுக்குப் பின்னால் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் டைல்ஸால் ஆன ஒரு சித்திரம் வைத்தார்கள். பிரிக்ஸ்டனில் செங்கல் குவியல், 'பிரிக்ஸ்', 'டன்' என்று பிரித்துப் படித்துக்கொள். ஸ்டாக்வெல்லில் பக்கத்து மதுக்கடையின் பெயரான அன்னம். செவன் சிஸ்டர்ஸில் ஏழு மரம். வாரன் என்றால் முயல்வளை என்பதால் வாரன் ஸ்ட்ரீட்டில் ஒரு புதிர்வழி. விரலால் வழி தேட ஆரம்பித்தால் முடிப்பதற்குள் வண்டி வந்துவிடும்.

அடுத்த வருடம் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறாய். வந்தால் காலை எட்டரை மணிக்கு பிரிக்ஸ்டன் பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய், கையில் கடிகாரத்தோடு பத்து நிமிடம் நில். வண்டி நின்றதில் இருந்து மறுபடி நகரும் வரை எத்தனை விநாடி என்று குறித்துக்கொள். ஓட்டுநர் கைமாறுவதையும் பார். அதற்கு முன்னால், உங்கள் பக்கத்துக் கடைசி ஸ்டேஷனில் அதே அளவை எடுத்து எனக்கு எழுது. ஒப்பிட்டுப் பார்ப்போம்.

உன் பழைய அறைத்தோழன்