ஆண்டறிக்கை 2025–26

விமானம், பாலம் முதலியவற்றின் சிறு மாதிரிகளைச் செய்யும் நம் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் 11 உறுப்பினர்களுக்கும், வராத 20 பேருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டில் 12 மாதக் கூட்டங்களுக்கு 10 நடந்தன. ஒன்று மழையில் போனது. இன்னொன்று மாடி அறைச் சாவி ஊருக்குப் போயிருந்ததால் நடக்கவில்லை. புதிதாக 4 பேர் சேர்ந்தார்கள். ஜூலையில், காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் ஏர்பிரஷ் பற்றிய பயிற்சி வகுப்பு நடந்தது. ஆயுத பூஜையன்று ஏர்பிரஷ் முனையில் வைத்த குங்குமம் உள்ளே இறங்கி ஊசியை அடைத்துக்கொண்டது. இனிமேல் கம்ப்ரசருக்கு மட்டும் பொட்டு வைப்பது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

டிசம்பர் 14 கூட்டம் நாட் (Gnat) என்ற சிறிய போர் விமானத்துக்காக ஒதுக்கப்பட்டது. 1971-இல் அதே நாளில் ஸ்ரீநகரில் நாட் விமானத்தில் போரிட்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகோன் நினைவாக எல்லாரும் 1/72 அளவில் ஒரு நாட் செய்துவருவது என்று ஏற்பாடு. வந்தவை 5. அதில் ஒன்று பிரிட்டிஷ் சாகசக் குழுவின் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். சிவப்பை மறைத்து நம் மூவண்ண வட்டத்தை ஒட்டியிருந்தார்கள். செகோன் ஓட்டியது ஒற்றை இருக்கை விமானம். இதைச் சொன்னதற்கு 40 நிமிடம் வாக்குவாதம். டெக்கால் (அந்த வட்டத்தின் ஒட்டுப்படம்) வெகு நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனி நாம் செய்யும் பாம்பன் ரயில் பாலத்தின் மாதிரி.

இது செயலாளரின் சொந்த வேலை என்று ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்வி. ஜூன் கூட்டத்தில் கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானம் இது. மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தாயிற்று. புதியதையே செய்யலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். செய்யலாம்தான். ஆனால் அது முழுக்க வெல்டிங் வேலை. லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும். பழையதில் ரிவிட், அதாவது இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணித் தலைகள், இருக்கிறது. நடுவில் இரண்டு இலைகள். கப்பல் வந்தால் ஆட்கள் நின்று கையால் நெம்புகோலைச் சுற்ற, ஒவ்வொரு இலையும் சாய்வு நாற்காலி பின்னால் சாய்வதுபோல வளைந்த அடியில் உருண்டு எழும்பும். இதைவிட்டு லிஃப்ட்டைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

2,065 மீட்டர் பாலத்தை 1/87 அளவில் முழுக்கச் செய்தால் ஏறக்குறைய 24 மீட்டர் வரும். நம் மாடி அறை அவ்வளவு இல்லை. அதனால் இரண்டு இலைகளும் இருபுறமும் தூணுக்குத் தூண் மும்மூன்று கண்களும் போதும் என்று முடிவானது. அகலப்பாதையா மீட்டர் பாதையா என்று இரண்டு கூட்டங்கள் போயின. 2007-க்கு முந்தைய மீட்டர் பாதை என்று வைத்தால் கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் ஏறக்குறைய பொருந்திவிடும். அகலப்பாதை என்றால் 19 மில்லிமீட்டருக்குத் தண்டவாளத்தையும் நாமே செய்ய வேண்டும். பெயர் கொடுத்தவர்கள் 9 பேர். ஆகஸ்டில் 5. அக்டோபருக்குப் பிறகு நானும் பொருளாளரும்தான்.

இடது இலையை நான் செய்தேன். கால் மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டின் பின்பக்கம், தையல்காரர்கள் துணியில் தடம் போடும் பல் சக்கரத்தை ஸ்கேல் வைத்து உருட்டினால் முன்பக்கம் ரிவிட் வரிசையாக எழும்பும். கொஞ்சம் அழுத்தினால் ஷீட் கிழியும். விட்டால் பெயின்டுக்கு அடியில் காணாமல் போகும். இலையைச் சமன்செய்யும் பின்பக்க எடைக்குத் தூண்டில் ஈயம் வைத்திருக்கிறேன். விரலால் தொட்டால் இலை எழும்பி நிற்கும்.

துரு வேலைதான் நாள் பிடித்தது. முதலில் துரு நிறம் அடித்து, ஈரப்படுத்தி, பொடி உப்பைத் தூவிக் காயவிட்டு, மேலே அலுமினிய நிறம் அடிக்க வேண்டும். பிறகு டூத் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தால் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு தெரியும். பாம்பனில் உப்புக் காற்று செய்த வேலையை நாமும் உப்பை வைத்தே செய்கிறோம். ஆனால் சென்னையில் நவம்பர் மாதம் உப்பு காயாது, கசியும். இரண்டு முறை சுரண்டிவிட்டுத் திரும்ப அடித்தேன். மூன்றாவது முறை ஹேர் டிரையர். அது வீட்டில் யாருடையது என்பது இந்த அறிக்கைக்கு அப்பாற்பட்டது.

வலது இலைக்கான ஷீட், வரைபடம், ஈயம் எல்லாம் ஆகஸ்டில் ஓர் உறுப்பினர் வாங்கிச் சென்றார். பெயர் சொல்லவில்லை. எட்டு மாதமாகப் பாம்பன் பாலத்தின் வலது இலை வேளச்சேரியில் இருக்கிறது. போன் செய்தால் "பண்ணிட்டே இருக்கேன் சார்" என்கிறார். ஜனவரிப் பள்ளிக் கண்காட்சியில் இடது இலையை மட்டும் தூக்கி வைத்து, வலப்பக்கம் நீலத் துணி போட்டுச் சமாளித்தோம். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள், கப்பல் போயிடும். ரயில் எப்படிப் போகும்?" என்றான். பொருளாளர் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விட்டார்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். வரவேண்டியது வந்திருந்தால் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். 'இதர செலவு' ஏன் கூடியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்டைரீன், பசை, பெயின்ட். பெரும்பகுதி பாலத்துக்குப் போனது உண்மைதான், மறைக்கவில்லை. ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 31 பேரில் 17 பேர் கட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் எல்லாம் கையில் காசில்லாதவர்கள் அல்லர். வாட்ஸப் குழுவில் அவர்கள் போடும் புதுக் கிட் படங்களை நானும் பார்க்கிறேன்; அட்டைப்பெட்டி ஒன்றின் விலையில் ஆறேழு வருடச் சந்தா அடங்கும்.

மாடி அறையை வாடகையின்றித் தரும் தலைவருக்கும், பெயின்ட் வாசனை பொறுக்கும் கீழ்வீட்டாருக்கும், கண்காட்சிக்கு இடம் தந்த பள்ளிக்கும், பொருளாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளராக நான் தொடர வேண்டுமா என்பதைச் சபை தீர்மானிக்கட்டும். வேறு யாராவது முன்வந்தால் மினிட்ஸ் புத்தகத்தையும் சாவியையும் இன்றே கொடுத்துவிடுகிறேன். பாலம் மட்டும் என் வீட்டில் இருக்கட்டும். தூக்கி இறக்கினால் ரிவிட் உதிரும்.

அடுத்த கூட்டம் மே 10, ஞாயிறு. அதற்குள் வலது இலை வந்தால் நல்லது. நேரில் வரச் சங்கடமாக இருந்தால் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்தாலும் போதும். சந்தாவைக்கூட அதே பையில் போடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். பாதி முடிந்திருந்தாலும், தொடங்காத ஷீட்டாகவே இருந்தாலும் பரவாயில்லை. பல் சக்கரம் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
12.4.2026