சாமியில்லாக் கோயிலாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் கோடைச் சுற்றுலா இணைப்பில் வேலூருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. அதிலும் பாதியை அந்தப் பழைய கிண்டல் தின்றுவிட்டது: "நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்." எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றியும் ஒன்று சேர்த்துச் சொல்வார்கள். அதை அச்சேற்றாமல் விட்டதற்கு நன்றி.

சாமி வந்த கதை தங்களுக்குத் தெரியாததா? 1981ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள். கூட்டத்தில் நானும் நின்றேன். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளுக்கே தலை நரைத்துவிட்டது. தங்கள் நிருபருக்கு மட்டும் கருவறை இன்னும் காலியாகத் தெரிகிறது.

பங்குனி பிறந்தால் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து விடியற்காலையில் நடப்போம். பெரியார் பூங்கா, அகழிக் கரை, ஒரு டீ, அப்புறம் கால் ஒத்துழைத்தால் ஓட்டேரி வரை. போன ஞாயிறு பூங்கா வேலியோரம் புங்கம்பூ கொட்டிக் கிடந்தது. மிதிக்க மனசு வராமல் ஒதுங்கி நடந்தோம். கூட வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தங்கள் இணைப்பை மடித்துக் கையில் வைத்திருந்தார். "இங்கே நடக்க ஒன்றும் இல்லையாம் சார், வீட்டுக்குப் போகலாமா?" என்றார். சிரித்தோம், ஆனால் வலித்தது.

மலை மொட்டைதான், ஒப்புக்கொள்கிறேன். முளைக்கிற கொஞ்சநஞ்சத்துக்கும் கோடைதோறும் எவனோ நெருப்பு வைக்கிறான். எங்கள் மொட்டைமாடியிலிருந்தே தெரிகிறது. அது செய்தியாக வந்து நான் பார்த்ததில்லை.

ஆறு தானாகவா வற்றியது? சின்ன வயதில் பாலாற்று மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீர் குடித்தவன் நான். நந்தி மலையில் பிறந்து வருகிற ஆற்றுக்கு மேலே தடுப்பணைகள். ஆந்திர எல்லையில் புல்லூரில் இருந்ததையும் 2016ல் உயர்த்தினார்கள். இந்தப் பக்கம் நாமும் சளைத்தவர்கள் இல்லை. மணலை லாரியில் ஏற்றினோம், வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை தோல் கழிவை இறக்கினோம். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் ஊர் வழக்கில்தான். 2025 ஜனவரியில் திரும்பவும் சொல்ல வேண்டி வந்தது. இதெல்லாம் தங்கள் உள்பக்க மூலையில் நாலு வரி, கிண்டல் மட்டும் வழவழத் தாளில், வண்ணத்தில்!

சரி, கேட்க வந்தது சின்ன விஷயம். 2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பி, கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. உபரிநீர் பாலாற்றுக்குப் போக வேண்டிய கால்வாய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஐப்பசிக்கு முன் ஒரு நிருபரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு படமும் போடுங்கள். வண்ணம் வேண்டாம், கறுப்பு வெள்ளையே போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
காகிதப்பட்டறை, வேலூர்.