பாலத்துக்கு முன்னால் ஆற்றை யோசியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாடல் ரயில் பாதை அமைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய காரியம், அதற்கு நன்றி. ஆனால் பாலம் பற்றிய பகுதியைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தயாராகக் கிடைக்கும் பாலம் ஒன்றை வாங்கி இரண்டு மேடுகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, அடியில் நீலம் பூசி, மேலே வார்னிஷ் அடித்தால் காட்சி தயார் என்று அதில் எழுதியிருந்தது. இதை நம்பி எத்தனை பேர் பிரஷ்ஷைக் கையில் எடுத்திருக்கிறார்களோ!

மாடலில் ஒரு பாலம் நிஜமாகத் தெரிகிறதா பொம்மையாகத் தெரிகிறதா என்பதைப் பெரும்பாலும் அது தரையைத் தொடும் இடம்தான் முடிவு செய்கிறது. ரிவெட் ஒவ்வொன்றையும் எண்ணி ஒட்டியிருப்பார்கள், ஆனால் கர்டரின் (பாதையைத் தாங்கும் நீள உத்தரத்தின்) முனை களிமண் மேட்டில் அப்படியே செருகியிருக்கும். பார்க்கிற எவருக்கும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ ஒட்டவில்லை என்று உடனே பட்டுவிடும்.

அதனால் வேலையை ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வெள்ளம் வந்தால் எதுவரை ஏறும், எந்தக் கரையை அரிக்கும் என்பதையெல்லாம் ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டால், தூண் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கவே முடியாது என்பது தானாகத் தெரியும். மேசையின் பலகை தட்டையாக இருந்தால் ஆறும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும், அங்கே எந்தப் பொறியாளரும் பாலம் கட்டமாட்டார். ஆகவே பாதை போடும்போதே அந்த இடத்தில் பலகையை வெட்டி எடுத்துவிட்டு, ஆற்றுக்குக் கீழே தனியாக ஒரு தளம் அமைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் செய்துகொள்ளலாம் என்று விட்டால், ஓடுகிற ரயிலுக்கு அடியில் ரம்பம் போட வேண்டிவரும்.

அடுத்தது அளவு. மாடல் ரயிலில் எச்ஓ (HO) எனப்படும் அளவு என்றால் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது, ஆனால் 1890-ல் திறந்த ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பெரிய இடைவெளி ஒன்றே 521 மீட்டர், எச்ஓ-வில் கிட்டத்தட்ட 6 மீட்டர்! வீட்டில் கூடத்தையே காலி செய்தாலும் போதாது. மாறாக, சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலம் 136 மீட்டர் நீளம், 65 மீட்டர் உயரம், ஆறு வளைவுகள் கொண்டது. எச்ஓ-வில் அது ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், உயரம் 75 சென்டிமீட்டர் வரும், அதாவது எதையும் குறுக்காமல் அப்படியே செய்யலாம். அது மீட்டர் கேஜ் பாதை என்பதால் தண்டவாள இடைவெளி மட்டும் 12 மில்லிமீட்டராகிவிடும். பெயர் பெற்ற பாலம் எதையாவது சுருக்கிச் செய்வதைவிட, நம் இடத்துக்கு முழு அளவில் பொருந்துகிற, யாருக்கும் தெரியாத சாதாரணப் பாலம் ஒன்றைச் செய்வது எனக்கு எப்போதும் மேலாகத் தோன்றுகிறது. 30 மீட்டர் வரையான இடைவெளிக்குத் தட்டையான தகட்டு கர்டரே போதும், எச்ஓ-வில் அது 34 சென்டிமீட்டர் சொச்சம். அதைவிட அகலமான ஆறாக இருந்தால்தான் டிரஸ், அதாவது முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய இரும்புச் சட்டகம். சின்ன ஓடைக்கு மேல் பிரம்மாண்டமான டிரஸ் பாலத்தை வைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் நான் அதிகம் பார்க்கும் வேடிக்கை.

இப்போது அந்தத் தரையைத் தொடும் இடத்துக்கு வருகிறேன். நிஜத்தில் கர்டர், கரையில் அதைத் தாங்கும் கரைச்சுவரின் மேல் நேரடியாகப் படுத்திருக்காது. இரண்டு முனைகளிலும் பேரிங் (கர்டர் உட்காரும் தாங்கி) இருக்கும், ஒரு பக்கம் அசையாதபடி பிடித்திருக்கும், மறுபக்கம் உருளையிலோ வழுக்குத் தகட்டிலோ நகர இடம் விட்டிருக்கும். 50 மீட்டர் எஃகு, வெப்பம் 40 டிகிரி கூடினால் சுமார் 24 மில்லிமீட்டர் நீளும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நம் மாடலில் அந்த நீட்சி கால் மில்லிமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும் என்றாலும் பேரிங் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் ஷீட்டில் இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே சின்னது கீழே பெரியது என்று ஒட்டி, கர்டரின் முனைக்கு அடியில் வையுங்கள். கர்டருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் மெல்லிய இருட்டு ஒன்று விழும். அந்த நிழல் விழுந்ததும் பாலத்துக்கு எடை வந்துவிடுகிறது, வேறென்ன செய்தாலும் அது வராது. அப்புறம் அந்தப் பேரிங்குக்கு நேர் கீழே, கான்கிரீட்டில், துருநிறத்தில் ஒரு கோடு மேலிருந்து கீழாக மங்கிக்கொண்டே இறங்கட்டும். துருவைப் பாலம் முழுக்க அப்பிவிடாதீர்கள். தண்ணீர் தேங்கும் கீழ்த்தகட்டின் மேற்பரப்பு, மூட்டுகள், இந்தப் பேரிங் ஓரம், இவ்வளவு போதும். பாலத்துக்குச் சுத்தக் கறுப்பும் வேண்டாம், வெள்ளை கொஞ்சம் கலந்த அடர்சாம்பல் பூசினால்தான் விளிம்புகள் தெரியும்.

கரைச்சுவருக்கு இரண்டு பக்கமும் மண் சரியாமல் பிடிக்க சாய்வான பக்கச்சுவர்கள் வேண்டும். இவை இல்லாத பாலத்தில் பாதைக்கு அடியிலுள்ள மண் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. ஆற்றுக்குள் நிற்கும் தூணில், தண்ணீர் வரும் பக்கம் கூர்மையாக இருக்கட்டும். அந்தப் பக்கத்திலேயே ஒன்றிரண்டு உலர்ந்த வேர்த்துண்டுகள் சிக்கியிருக்கலாம், பின்பக்கம் மணல் திட்டு ஒன்று சேர்ந்திருக்கலாம், போன வெள்ளத்தின் கறை தூண்கள் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் ஓடலாம். மரக்கால் பாலம் கட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான், ஒவ்வொரு சட்டத்தின் காலையும் அதனதன் இடத்து மேடுபள்ளத்துக்கு ஏற்ப வெட்ட வேண்டும், எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் செய்துவிட்டு அடியில் மண்ணைப் போட்டு மூடுவது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பாலத்தின் மேல்தளம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. திறந்த தளமுள்ள இரும்புப் பாலத்தில் ஜல்லி கிடையாது. ஸ்லீப்பர் கட்டைகள் சாதாரணப் பாதையில் இருப்பதைவிட நீளமாகவும் கனமாகவும் நெருக்கமாகவும் இருக்கும், நடுவில் குனிந்து பார்த்தால் கீழே தண்ணீர் தெரியும். தடம் புரண்ட சக்கரம் பாலத்தை விட்டு விழாமல் பிடிக்க உள்பக்கம் இரண்டு கார்டு ரெயில்கள் ஓடும். பல பாலங்களில் அவை பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நடுவில் ஒன்றாகக் கூடும். மாடலில் உலோக ரெயில் போடுகிறவர்கள் அந்த நுனியில் இரண்டும் ஒட்டாமல் சின்ன இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் சக்கரங்கள் உரசும்போது ஷார்ட் ஆகி ரயில் பாலத்திலேயே நின்றுவிடும். டிரஸ்ஸுக்குள் போகும் பாதை என்றால், உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் ஒட்ட வேண்டும். பாலத்துக்கு முன்னும் பின்னும் ஒரு பெட்டி நீளமாவது பாதை நேராக இருப்பது நல்லது, வளைவில் பெட்டியின் மூலை வெளியே நீட்டிக்கொண்டு டிரஸ்ஸில் இடிக்கும்.

தண்ணீருக்கு வருவோம். கட்டுரையில் சொன்ன நீலம் வானத்தின் பிரதிபலிப்பு, ஆற்றின் அடியில் நீலம் இருப்பதில்லை. ஆழமான நடுப்பகுதிக்குக் கரும்பச்சையும் பழுப்பும், கரைக்கு வர வர மணல் நிறம் என்று தரையிலேயே பூசிவிட்டால் ஆழம் அங்கேயே வந்துவிடும், மேலே ஊற்றும் எபாக்ஸி (இறுகினால் கண்ணாடிபோல் ஆகும் பிசின்) வெறும் பளபளப்புக்குத்தான். அதையும் ஒரே தடவையில் கொட்டக்கூடாது. மெல்லிய அடுக்காக ஊற்றி, இறுகவிட்டு, அப்புறம் அடுத்தது. கனமாக ஊற்றினால் சூடேறும், சில வகைகளில் விரிசலும் விடும். ஊற்றுமுன் ஊசிமுனை ஓட்டைகூட இல்லாமல் அடைத்துவிடுங்கள், இந்தச் சரக்கு எந்தச் சந்தையும் கண்டுபிடித்து மேசைக்கடியில் சொட்டிவிடும். அது தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பதால் மேசையை ரசமட்டம் வைத்துச் சரிபார்ப்பதும் அவசியம். கட்டுரைக்காரர் சொன்ன வார்னிஷ் நாளாவட்டத்தில் மஞ்சளாகிவிடும், அதை ஏன் சொன்னார் என்று புரியவில்லை.

பாலத்தைக் கடைசிவரை பசை போட்டு ஒட்டாமல் கழற்றக்கூடியதாக வைத்திருங்கள். தூண்களும் கரைச்சுவர்களும் நிலையாக இருக்கட்டும், கர்டர் மட்டும் பேரிங்மேல் உட்கார்ந்து எழட்டும். அடியில் தூசு தட்டவும், தண்ணீர்ப் பரப்பைத் துடைக்கவும், தண்டவாளத்தைச் சுத்தம் செய்யவும் வேறு வழி கிடையாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படங்கள் எல்லாமே மேலிருந்து எடுத்தவை, அதில் எந்தப் பாலமும் பொம்மையாகத்தான் தெரியும். அடுத்த முறை கேமராவை ஆற்றின் மட்டத்துக்கு இறக்கி, தூணின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு படமாவது எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்